தழைத் தண்ணிக்குத் தூக்கா?

"தம்பி, தழைத் தண்ணிக்கும் தூக்குப் போடுவாங்களா?"

2014-ஆம் ஆண்டு, இரவு 11 மணி. கெலுகோர் அடுக்குமாடி வீடு ஒன்றிலிருந்து ஒரு தாய் தொலைபேசியில் என்னிடம் கேட்ட கேள்வி இது. அவருடைய மூத்த மகன் லோரி கிளிண்டான். சரக்கு ஏற்றி இறக்குகிற வேலை. அன்று மாலை சாலைத் தடுப்புச் சோதனையில் அவன் மோட்டார் சைக்கிள் கூடையில் மூன்று பொட்டலம் கெத்தும் தண்ணி இருந்தது. போலீஸ் பிடித்துக்கொண்டு போய்விட்டது. அம்மாவுக்குத் தெரிந்ததெல்லாம் 'போதைப்பொருள்' என்ற ஒரே சொல்தான்.

அந்தப் பயத்தில் நியாயம் இருந்தது. நம் வீடுகளில் போதைப்பொருள் என்றாலே காதில் விழுவது 39பி பிரிவு. 1983 முதல் அந்தப் பிரிவில் கடத்தல் குற்றம் நிரூபணமானால் நீதிபதிக்குத் தூக்கைத் தவிர வேறு வழி இல்லாமல் இருந்தது. 2017-இல் ஒரு சிறிய கதவு திறந்தது. 2023-இல்தான் கட்டாய மரண தண்டனை நீக்கப்பட்டது. அந்தத் தண்டனையை எதிர்த்து ஆயுள் முழுதும் வாதாடிய எங்கள் புக்கிட் கெலுகோர் நாடாளுமன்ற உறுப்பினர் கர்ப்பால் சிங், அதே 2014 ஏப்ரலில் சாலை விபத்தில் இறந்திருந்தார். "அவரும் இல்லையே தம்பி" என்று அந்த அம்மா அழுதார்.

தூக்கு இல்லை அம்மா, இது வேறு சட்டம் என்று சொல்லி அன்றிரவு அவரைத் தூங்க அனுப்பினேன். இன்றைக்கும் அதே கேள்வி வேறு வேறு வீடுகளிலிருந்து வருகிறது. பெற்றோர் தூக்கு என்று நடுங்குகிறார்கள். பையன்களோ, "வெறும் தழைதானே, தே ஓ மாதிரி" என்று சிரிக்கிறார்கள். இரண்டு பேருமே உண்மையை அறியவில்லை. அறியாததற்கு அவர்களை மட்டும் குறை சொல்ல முடியாது. இந்தத் தழையைப் பற்றி உலகமே திரும்பிப் பார்க்கும் ஆய்வுகள் நம் கெலுகோரிலேயே நடந்திருக்கின்றன. ஆனால் அவை ஆங்கிலத்தில் அச்சாகி, பல்கலைக்கழக மதிலுக்குள்ளேயே நின்றுவிட்டன. மதிலுக்கு இந்தப் பக்கம் இருக்கும் நமக்கு யாரும் தமிழில் சொல்லவில்லை.

ஆகவே சொல்கிறேன்.

கெத்தும் ஒரு மரம். ஆற்றோரம், ஈர நிலம் இவற்றில் நன்றாக வளரும். வடக்கே கெடா, பெர்லிஸ் பக்கம் மலாய்க்காரர்கள் பியாக் என்றும் சொல்வார்கள். தாய்லாந்தில் கிராத்தோம். அறிவியல் பெயர் மித்ராகைனா ஸ்பெசியோசா. 19-ஆம் நூற்றாண்டில் இந்த மர இனத்துக்கு மித்ராகைனா என்று பெயர் வைத்தவர் கோர்த்தால்ஸ் என்ற டச்சு தாவரவியலாளர். காப்பிச் செடியும் இதுவும் ஒரே தாவரக் குடும்பம். நம் ஊர் நீர்க்கடம்பு இதற்கு இன்னும் நெருங்கிய சொந்தம். முருகனுக்குரிய கடம்ப மரமும் அந்தப் பெரிய குடும்பத்தைச் சேர்ந்ததுதான். ஆனால் கெத்தும் தமிழ்நாட்டில் விளைந்த மரம் அல்ல, நம் சித்த மருத்துவம் சொன்ன மருந்தும் அல்ல. நம்மவர்கள் இங்கே வந்து, பக்கத்து கம்போங்காரர்களைப் பார்த்துக் கற்றுக்கொண்டது.

அந்த இலையில் நாற்பதுக்கும் மேற்பட்ட ரசாயனங்கள் உள்ளன. முக்கியமானது மித்ராகைனின். 1921-இல் எடின்பரோவில் எல்லன் ஃபீல்ட் என்ற பெண்மணி இதைப் பிரித்தெடுத்துப் பெயரிட்டார். அண்மையில் ஒரு கல்லூரி மாணவர் என்னிடம், "அங்கிள், இது மேஜிக் காளான் மாதிரி மாயக்காட்சி காட்டுமா?" என்று கேட்டார். சாணத்தில் முளைக்கும் அந்தக் காளானில் இருப்பது சைலோசைபின். மித்ராகைனினும் சைலோசைபினும் இண்டோல் என்ற ஒரே ரசாயன வகையைச் சேர்ந்தவை. ஆனால் அண்ணன் தம்பி என்றால் குணமும் ஒன்றாகவா இருக்கிறது? காளான் கண்ணையும் மனத்தையும் கலைத்துக் காட்சி காட்டும். கெத்தும் பெரும்பாலும் அப்படிச் செய்வதில்லை. அது போய் உட்காருகிற இடம் வேறு. மார்ஃபின், ஹெராயின் இவையெல்லாம் மூளையில் எந்த வாசலைத் தட்டுகின்றனவோ, அதே வாசலை இதுவும் தட்டுகிறது. அவற்றைப் போல் முழு வேகத்தில் அல்ல, பாதி வேகத்தில். கொஞ்சம் குடித்தால் காப்பி குடித்தது போல் சுறுசுறுப்பு. கூடக் குடித்தால் வலி மரத்துப் போகும், கிறக்கம் வரும். ஒரே தழைக்கு இரண்டு முகம்.

வலி மரத்துப் போவது வெறும் கதை இல்லை. யு.எஸ்.எம். போதைப்பொருள் ஆய்வு மையத்தின் பேராசிரியர் விக்னசிங்கம் குழுவினர் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தாருடன் சேர்ந்து இதைச் சோதித்தார்கள். வழக்கமாகக் கெத்தும் குடிக்கும் 26 ஆண்கள். பனிக்கட்டித் தண்ணீரில் கையை வைத்து எவ்வளவு நேரம் தாங்குகிறார்கள் என்று அளந்தார்கள். ஒரு முறை உண்மையான கெத்தும், ஒரு முறை அதைப் போலவே இருக்கும் போலித் தண்ணீர். எது எது என்று குடித்தவருக்கும் தெரியாது, கொடுத்தவருக்கும் தெரியாது. கெத்தும் குடித்து ஒரு மணி நேரம் கழித்து அவர்கள் கூடுதல் நேரம் வலியைத் தாங்கினார்கள். 2020-இல் இது வெளியானது.

இந்தச் செய்தியை மட்டும் எடுத்துக்கொண்டு "பார்த்தீங்களா, மருந்து" என்று துள்ளுகிறவர்கள் இன்னொன்றையும் படிக்க வேண்டும். அதே மையத்தின் தர்ஷன் சிங் குழு, மூன்று வட மாநிலங்களில் வழக்கமாகக் குடிக்கும் 293 பேரை விசாரித்து 2014-இல் எழுதியது. அவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் கடுமையாக இதற்கு அடிமையாகியிருந்தார்கள். 45 விழுக்காட்டினர் நடுத்தர அளவில். ஒரு நாளுக்கு மூன்று கிளாஸ், அதற்கு மேல் போனால் ஆபத்து கூடுகிறது. நிறுத்தினால் என்ன ஆகும்? தசை இழுத்து வலிக்கும், தூக்கம் வராது, கண்ணிலும் மூக்கிலும் தண்ணீர் கொட்டும், வயிற்றுப்போக்கு, காய்ச்சல். மனத்தளவில் எரிச்சல், கோபம், துக்கம். வீட்டில் மகன் மூன்று நாளாகச் சிடுசிடுவென்று விழுகிறான், சளி என்று சொல்கிறான், சாப்பிடவில்லை என்றால் அது வெறும் சளியாக இல்லாமலும் இருக்கலாம்.

இதைவிடப் பெரிய ஆபத்து கலப்படம். தென் தாய்லாந்து இளைஞர்கள் கெத்தும் தண்ணியோடு இருமல் மருந்தும் கோலாவும் கலக்கிறார்கள். அந்தப் பழக்கம் எல்லை தாண்டி நம் தாமான்களுக்கும் வந்துவிட்டது. அமெரிக்காவில் 2016 ஜூலை முதல் 2017 டிசம்பர் வரை போதை மிகையால் இறந்தவர்களில் 152 பேர் உடலில் கெத்தும் இருந்தது. 91 பேர் சாவுக்கு அதுவும் ஒரு காரணம் என்று எழுதப்பட்டது. அந்த 91 பேரிலும் கெத்தும் தவிர வேறு எதுவும் காணப்படாதவர்கள் 7 பேர்தான். இதன் பொருள் என்ன? தனித் தழை உடனே கொல்வது அரிது. சாராயத்தோடு, தூக்க மாத்திரையோடு, இருமல் மருந்தோடு சேர்ந்தால் கொல்லும். பையனை மிரட்டுவதற்குப் பதில் இந்தக் கணக்கைச் சொல்லுங்கள். பொய் சொல்லி மிரட்டினால் ஒரு கிளாஸ் குடித்துவிட்டு "ஒண்ணும் ஆகலையே" என்பான். பிறகு நாம் சொல்கிற உண்மையையும் நம்பமாட்டான்.

யார் குடிக்கிறார்கள்? காலங்காலமாக நெல் வயல்காரர்கள், மீனவர்கள், ரப்பர் மரம் சீவுகிறவர்கள். வெயிலில் நிற்க, பசியை மறக்க, இடுப்பு வலியை அடக்க. அபின் பழக்கத்தை விட இந்த இலையைத் தின்றார்கள் என்று 1897-லேயே எழுதப்பட்டிருக்கிறது. எழுதியவர் நம் நாட்டு ரப்பர் தொழிலுக்கே வித்திட்ட ரிட்லி. நூறு ஆண்டு கழித்து யு.எஸ்.எம். ஆய்வாளர்கள் வட மாநிலங்களில் அலைந்தபோது கண்டதும் அதுவேதான். ஹெராயினிலிருந்து விடுபடப் பலர் இதைக் குடிக்கிறார்கள். விலை மலிவு. சாதாரண சிறுநீர்ச் சோதனையிலும் தெரியாது.

இங்கே ஒன்றை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். அந்த ஆய்வுகளில் வந்தவர்கள் பெரும்பாலும் மலாய்க்கார ஆண்கள். இது இந்தியன் நோய் அல்ல. இது கூலிக்காரன் முதுகுவலி. தோட்டத்திலிருந்து துரத்தப்பட்டு, நகரத்தில் லோரியிலும் கிடங்கிலும் பாதுகாவலர் வேலையிலும் வந்து விழுந்த நம்மவர்கள் அந்த முதுகுவலிக்குள் பிறகு போய்ச் சேர்ந்தவர்கள்.

நமக்கு இது புதுக் கதையா? கள்ளுக்கடையை நினைத்துப் பாருங்கள். வெள்ளைக்காரன் தோட்டத்தில் பள்ளிக்கூடம் இருக்கிறதோ இல்லையோ, கள்ளுக்கடை இருக்கும். நாளெல்லாம் உழைத்து வாங்கிய கூலி மாலையில் அதே தோட்டத்துக் கடைக்குப் போகும். 1941 கிள்ளான் வேலைநிறுத்தத்தில் ஆர்.எச். நாதன் பின்னால் நின்ற தொழிலாளர்கள் கூலி உயர்வோடு கேட்ட கோரிக்கைகளில் ஒன்று, கள்ளுக்கடையை மூடு என்பது. போருக்குப் பிறகு 1947-இல், பினாங்கிலிருந்து பாலம் தாண்டி வடக்கே போனால் வரும் பீடோங்கில், ஏ.எம். சாமியின் தொண்டர் படை கள்ளுக்கடைக்கு முன் மறியல் செய்தது. குடிக்காதே என்று சொன்ன தொழிலாளி மேல்தான் போலீஸ் தடி விழுந்தது. ஏன்? கள்ளில் வருமானம் இருந்தது.

அபினும் அப்படியே. நீரிணைக் குடியேற்ற அரசின் வருமானத்தில் சில காலம் ஏறக்குறைய பாதி அபினிலிருந்து வந்தது. பினாங்கில் அபின் விற்கும் உரிமையை அரசே ஏலம் விட்டது. தாய்லாந்து 1943-இல் கெத்தும் மரத்தைத் தடை செய்தது. காரணம் மக்கள் ஆரோக்கியம் மட்டும் அல்ல, அரசு வரி வாங்கிய அபினுக்கு இந்த இலவசத் தழை போட்டியாக இருந்தது என்று ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். அதே தாய்லாந்து 2021 ஆகஸ்டில் கெத்துமைப் போதைப்பொருள் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. ஆயிரக்கணக்கானோர் மீதான வழக்குகள் முடிவுக்கு வந்தன. பாடாங் பெசாரில் எல்லைக்கு அந்தப் பக்கம் கடையில் விற்கும் பொருள், இந்தப் பக்கம் விலங்கு மாட்டும் பொருள்.

நம் நாட்டில் 2003 முதல் மித்ராகைனின் 1952 நச்சுப்பொருள் சட்டத்தின் கீழ் வருகிறது. கஞ்சா, ஹெராயின் இருக்கும் அபாயகரப் போதைப்பொருள் சட்டம் வேறு. இரண்டுக்கும் உள்ள தூரம்தான் அந்த அம்மா கேட்ட கேள்விக்கான பதில். நான் சொன்ன வழக்கின்போது நச்சுப்பொருள் சட்டத்தில் இதற்கு உயர்ந்தபட்சத் தண்டனை 10,000 வெள்ளி அபராதம் அல்லது நான்காண்டுச் சிறை அல்லது இரண்டும். தழைக்கு அது சின்னத் தண்டனை அல்ல. அந்த நாட்களில் கெத்துமைக் கடுமையான சட்டத்துக்கு மாற்றவும் அரசாங்கம் முனைந்தது. கிராமத்துத் தொகுதி உறுப்பினர்கள் எதிர்த்தார்கள், அது நடக்கவில்லை. பிறகு கெடாவில் மந்திரி பெசாரே இதை ஏற்றுமதிப் பயிராக்கலாம் என்று பேசினார்.

எனக்கு ஏற்றுமதி மேல் கோபம் இல்லை. கிராமத்து விவசாயி நாலு காசு பார்க்கட்டும். என் கேள்வி வேறு. மரம் வைத்திருப்பவனுக்காகப் பேச நாடாளுமன்றத்தில் ஆள் இருக்கிறார்கள், ஏனென்றால் அவனிடம் ஓட்டு இருக்கிறது. பொட்டலம் வாங்கிக் குடித்த கிளிண்டானுக்காகப் பேச யார் இருக்கிறார்கள்? ஒரே தழை தோட்டத்தில் இருந்தால் பொருளாதாரம், மோட்டார் கூடையில் இருந்தால் குற்றம் என்றால், சட்டம் தழையைப் பார்க்கவில்லை, ஆளைப் பார்க்கிறது. விற்கிறவனைப் பிடிக்கட்டும், இருமல் மருந்து கலந்து பள்ளிப் பிள்ளைகளுக்குக் கொடுப்பவனை விடவே கூடாது. தன் வலிக்குக் குடித்தவனைச் சிறைக்கு அனுப்புவதை நிறுத்த வேண்டும். அவனுக்கு வேண்டியது மருத்துவர்.

அந்த வழக்கு என்ன ஆனது என்று கேட்பீர்கள். நான் மறுநாள் காலை போவதற்குள் அவன் மாஜிஸ்திரேட் முன் நிறுத்தப்பட்டு நான்கு நாள் தடுப்புக் காவலுக்கு அனுப்பப்பட்டிருந்தான். கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லியிருந்தான். குற்றச்சாட்டு வந்த அன்று ஒப்புக்கொண்டான். முதல் குற்றம், சின்ன அளவு, குடும்பத்தைக் காப்பாற்றுகிறவன் என்று நான் வாதாடி, சிறை இல்லாமல் அபராதத்தோடு முடித்தேன். அம்மா தாலிக்கொடியை அடகு வைத்துக் கட்டினார். எனக்கு அன்றைக்கு வெற்றி.

எட்டு மாதம் கழித்து அவன் திரும்பவும் குடிக்கிறான் என்று தெரிந்தது. அப்போதுதான் நான் கேட்டேன், ஏன்டா தம்பி என்று. சட்டையைத் தூக்கிக் காட்டினான். அரிசி மூட்டை சரிந்து விழுந்த முதுகு. இரண்டு வருடமாக அந்த வலி. நடைக்கு இவ்வளவு என்று கூலி கொடுக்கும் முதலாளி, சொக்சோ கட்டவே இல்லை. விடுப்பு எடுத்தால் அன்றைய கூலி போச்சு. காலையில் ஒரு பொட்டலம், மதியம் ஒரு பொட்டலம், அதில் வேலை ஓடியது. வழக்கின்போது நான் அவனிடம் சட்டப் பிரிவைப் பற்றிக் கேட்டேனே தவிர முதுகைப் பற்றிக் கேட்கவில்லை. வேலையிடத்து விபத்துக்கு அவனுக்கு மருத்துவச் செலவும் இழப்பீடும் வந்திருக்க வேண்டும். முதலாளி சந்தா கட்டவில்லை என்றால் அது முதலாளியின் குற்றம், தொழிலாளியின் உரிமை அதனால் சாகாது. இதை 1969 சமூகப் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. நான் வழக்கறிஞர், எனக்குத் தெரிந்திருந்தும் நான் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு கெத்தும் வழக்கு எது வந்தாலும் முதல் கேள்வி, எங்கே வலிக்கிறது என்பதுதான். பாதிப் பேருக்காவது பதில் இருக்கிறது.

உங்கள் வீட்டில் இப்படி நேர்ந்தால் சில விஷயங்களை நினைவில் வையுங்கள். பிடிக்கப்பட்டவர் தாம் ஏன் பிடிக்கப்பட்டோம் என்று தெரிந்துகொள்ளவும், தமக்கு வேண்டிய வழக்கறிஞரோடு பேசவும் அரசியலமைப்பின் 5-ஆவது விதி உரிமை தருகிறது. 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் கொண்டுபோக வேண்டும். குடும்பத்துக்கும் வழக்கறிஞருக்கும் தகவல் சொல்ல வாய்ப்புத் தர வேண்டும் என்று குற்றவியல் நடைமுறைச் சட்டம் 28ஏ பிரிவு சொல்கிறது. பெயர், முகவரி, அடையாள அட்டை கொடுத்துவிடுங்கள். சிறுநீர்ச் சோதனைக்கு அடம் பிடிக்காதீர்கள். மற்றபடி தம்மைக் குற்றத்தில் மாட்டிவிடும் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை. காசு இல்லையே என்று வாய் மூடி இருந்துவிடாதீர்கள். தேசிய சட்ட உதவி அறவாரியத்தின் வழக்கறிஞர்கள் 2012 முதல் நீதிமன்றங்களில் தடுப்புக் காவல் விசாரணைக்கே வந்து நிற்கிறார்கள். கேட்டால்தான் கிடைக்கும். அவசரப்பட்டு "ஒத்துக்கோடா, அபராதத்தோடு போகட்டும்" என்று மகனிடம் சொல்லாதீர்கள். குற்றப் பதிவு ஏறிவிட்டால் அரசு வேலை, பாதுகாவலர் உரிமம், சில தொழிற்சாலை வேலைகள் எல்லாம் கதவை மூடும்.

பழக்கத்தை விடவைக்க வேண்டுமென்றால் அறையில் பூட்டி வைப்பதும் கோயிலில் சத்தியம் வாங்குவதும் மட்டும் போதாது. சத்தியம் வாங்குங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. அதோடு அரசு மருத்துவமனைக்கும் அழைத்துப் போங்கள். எத்தனை கிளாஸ், எத்தனை வருடம், எதோடு கலந்து என்று மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லச் சொல்லுங்கள். படிப்படியாகக் குறைப்பது உடலுக்குத் தாங்கும். முதுகுக்கு எக்ஸ்ரே எடுக்கச் சொல்லுங்கள். சொக்சோ பத்திரத்தை நம்மவர்கள் யாராவது நிரப்பித் தருவோம்.

சென்ற தீபாவளிக்கு முந்தின வாரம் அந்த அம்மா மீண்டும் தொலைபேசியில் அழைத்தார். எனக்குத் திக் என்றது. அவர் மகன் இல்லை, அவன் இப்போது லோரியை விட்டு ஒரு கிடங்கில் கணக்கெழுதுகிறான். பிடிபட்டது கீழ் மாடிப் பையன், மலாய்க்கார வீடு. அவனுடைய தாய் பயந்துபோய் இவர் வீட்டுக் கதவைத் தட்டியிருக்கிறார்.

"தூக்கெல்லாம் இல்லைன்னு நானே சொல்லிட்டேன் தம்பி. லாயர் வர்ற வரைக்கும் எதையும் ஒத்துக்காதேன்னு சொல்லச் சொன்னேன். காலையில எத்தனை மணிக்குக் கோர்ட்டு திறப்பாங்க?"

8.30-க்கு வாசலில் இருக்கச் சொன்னேன். நான் போனபோது இரண்டு பேரும் எனக்கு முன்னாலேயே வந்து உட்கார்ந்திருந்தார்கள்.